இறுகிய பாறையும் எண்ணெய் மீட்பும்: ஒரு திருத்தம், சில வேண்டுகோள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரிப் படுகையில் எடுத்தது போக மீதமிருக்கும் எண்ணெயைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நரிமணம், கமலாபுரம், கோவில்களப்பால் என்று ஊர்ப்பெயர் சொல்லி, கிணறுகள் தூர்ந்துபோவதற்கு முன் அவற்றிலிருந்து இன்னும் எவ்வளவு பெறலாம் என்று கேட்கும் கட்டுரை தமிழில் வருவது அரிது. அதை எழுதியவருக்கும் வெளியிட்ட தங்களுக்கும் என் நன்றி. ஆனால் அதில் நுழைந்துவிட்ட ஒரு பிழை, கட்டுரையின் வாதத்தையே தடம் மாற்றிவிட்டதாகக் கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

“0.1 டார்சிக்கும் குறைந்த ஊடுருவுதிறன் கொண்ட பாறைகளே இறுகிய பாறைகள்” என்று அச்சாகியிருக்கிறது. ஊடுருவுதிறன் என்பது பாறை தன்னூடே எண்ணெயையோ நீரையோ எவ்வளவு எளிதாக ஓடவிடுகிறது என்பது; அதை அளக்கும் அலகுதான் டார்சி. 0.1 மில்லிடார்சி என்று இருந்திருக்க வேண்டும். ‘மில்லி’ என்ற மூன்றெழுத்து விடுபட்டதால் அளவு ஆயிரம் மடங்கு பெருகிவிட்டது. 0.1 டார்சி என்பது 100 மில்லிடார்சி. அத்தகைய மணற்பாறை கிடைத்தால் எந்த எண்ணெய் வயல் பொறியாளரும் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். அதை இறுகிய பாறை என்று சொன்னால் நாட்டின் நல்ல எண்ணெய் வயல்களில் பலவும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். அந்தப் பிழையான எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டு, “எனவே நீரியல் விரிசல் முறையைத் தவிர வேறு வழியில்லை” என்று கட்டுரை முடிவு சொல்வதுதான் எனக்கு உறுத்தியது. நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் திறப்பதே அந்த முறை.

டார்சி என்ற பெயர் பிரான்சு நாட்டின் திஷோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சியுடையது. மணல் நிரப்பிய குழாய்களில் நீரை வடியவிட்டு அவர் கண்ட விதி 1856-இல் வெளியானது. எண்ணெய்க்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஊருக்குத் தண்ணீர் கொடுப்பதே அவருடைய கவலையாக இருந்தது. பாறை எவ்வளவு எளிதாக வழிவிடுகிறது, பாய்மம் (நீர், எண்ணெய், வாயு போன்று ஓடும் பொருள்) நுழைய எவ்வளவு பரப்பு திறந்திருக்கிறது, இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு எவ்வளவு, பாய்மம் எவ்வளவு பிசுபிசுப்பானது ஆகிய நான்கும் சேர்ந்தே ஓட்டத்தை முடிவு செய்கின்றன என்பது இன்று நாம் அந்த விதியைப் பயன்படுத்தும் வடிவம். இறுகிய பாறையிலிருந்து கூடுதல் எண்ணெய் எடுக்க இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட முறைகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோ பிடித்துத் திருகுபவைதான். நீரியல் விரிசல் முறை முதன்மையாகத் திருகுவது பரப்பை மட்டுமே.

ஆயிரம் மடங்கு என்ற வேறுபாடு தரையில் எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிணற்றில் அழுத்தத்தைக் குறைத்தால், அந்தக் குறைவு பாறைக்குள் மெல்லப் பரவிச் சென்று, தொலைவிலுள்ள எண்ணெயை அசைக்க வேண்டும். நல்ல மணற்பாறையில் 100 மீட்டர் தொலைவுக்கு அந்தச் செய்தி ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொண்டால், மற்றவையெல்லாம் சமமாக இருக்கும் நிலையில், ஆயிரம் மடங்கு இறுகிய பாறையில் அதே தொலைவுக்கு ஆயிரம் மணி நேரம், அதாவது நாற்பது நாளுக்கு மேல் ஆகும். ஷேல் எனப்படும் மாக்கல் அடுக்குகளின் ஊடுருவுதிறன் நானோடார்சியில், அதாவது டார்சியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளக்கப்படுகிறது. அங்கே இது மனித ஆயுளில் முடிகிற காரியமே இல்லை. கிணறு தன்னைச் சுற்றியுள்ள சிறு வட்டத்தை உறிஞ்சி முடித்து வறண்டு நிற்கும்போது, சில நூறு மீட்டருக்கு அப்பால் எண்ணெய் அசையாமல் கிடக்கும்.

பாறையில் எண்ணெய் ‘ஏரிபோல் தேங்கியிருப்பதாக’க் கட்டுரை வருணிப்பதும் தவறான சித்திரத்தைத் தருகிறது. எண்ணெய் இருப்பது மணல்மணிகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில். அந்த இடைவெளிகள் மொத்தத்தில் எவ்வளவு என்பது நுண்துளைமை. அவை ஒன்றோடொன்று எவ்வளவு தாராளமாக இணைந்திருக்கின்றன என்பது ஊடுருவுதிறன். இரண்டும் ஒன்றல்ல என்பதை நீலகிரியில் இருப்பவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவை வெட்டினால் வருவது சிவந்த களிமண். மழைக்காலத்தில் அதன் கொள்ளளவில் கணிசமான பங்கு தண்ணீராகவே இருக்கும். ஆனாலும் அதில் தோண்டிய குழியில் ஒரு குடம் நீர் ஊற ஒரு பகல் ஆகிறது. அதற்குக் கீழே உள்ள பாறையில் துளை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஓடும் ஒரு விரல் அகல வெடிப்பிலிருந்து வரும் ஊற்று மார்ச் மாதம் வரை நாலு வீட்டுக்குக் குடிநீர் தருகிறது. நீரைச் சேர்த்து வைத்திருப்பது மண், வழிவிடுவது வெடிப்பு.

2009 நவம்பரில் இம்மாவட்டத்தில் நிகழ்ந்த நிலச்சரிவுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் புரியும். மண்ணுக்குள் புகுந்த மழைநீர் வடிய வழியின்றி அழுத்தம் ஏறியபோது, மண்மணிகள் ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி தளர்ந்து சரிவே இறங்கி வந்தது. எண்ணெய்ப் பாறையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. எண்ணெயை எடுக்க எடுக்க உள்ளிருக்கும் அழுத்தம் குறைகிறது. மேலேயுள்ள ஆயிரக்கணக்கான அடி மண்ணும் பாறையும் தம் பாரத்தை முழுவதுமாக மணிகளின் மேல் இறக்குகின்றன. நுண்விரிசல்கள் நெருங்கி மூடுகின்றன. பிறகு அழுத்தத்தை ஏற்றினாலும் அவை பழைய அளவுக்குத் திறப்பதில்லை. ஆகவே, “இப்போதைக்கு வருவதை எடுத்துக்கொள்வோம், குறையும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்ற பழைய வழக்கம் நல்ல மணற்பாறையில் ஓரளவு மன்னிக்கத்தக்கது. இறுகிய பாறையில் அது பாறையையே கெடுப்பதாகும். எண்ணெயில் கரைந்திருக்கும் வாயு பிரிந்து விரிவதே அங்கே முதன்மையான உந்துவிசை என்பதால், அது தீர்ந்ததும் கிணறு ஓய்ந்துவிடும். இத்தகைய பாறைகளில் இருப்பதில் 10 சதவீதத்தைக்கூட வெளியே கொண்டுவருவது அரிது என்பதற்கு இதுவே காரணம்.

நீரியல் விரிசல் முறையைப் பற்றி இரு தரப்பிலும் மிகையாகப் பேசுகிறார்கள். 1947-இல் அமெரிக்காவின் கான்சாசில் சோதனையாகத் தொடங்கி, 1949 முதல் வணிக முறையில் நடந்துவரும் பழைய தொழில்நுட்பம் அது. அதன் பயனைச் சிறு கணக்கில் காட்டலாம். 20 மீட்டர் கனமுள்ள அடுக்கை 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை ஊடுருவினால், எண்ணெய் நுழையக் கிடைக்கும் சுவர்ப்பரப்பு ஏறத்தாழ 12.6 சதுர மீட்டர். அதே அடுக்கில் கிணற்றின் இரு பக்கமும் நூறு நூறு மீட்டருக்கு ஒரு விரிசலைத் திறந்துவிட்டால், அதன் இரு முகங்களையும் சேர்த்து 8,000 சதுர மீட்டர். பாறை அதேதான், ஊடுருவுதிறன் அதேதான். வாசல் மட்டும் அகலமாகிவிட்டது. படுக்கைவாட்டில் செல்லும் கிணற்றில் இப்படிப் பல விரிசல்களைத் திறப்பதே அமெரிக்க மாக்கல் எண்ணெயின் கதை. விரிசல் மூடிக்கொள்ளாமல் இருக்க அரை மில்லிமீட்டர் அளவுள்ள மணலை உள்ளே அனுப்ப வேண்டும். மணல் வழியிலேயே படிந்துவிடாமல் இருக்க நீரைக் கூழாக்க வேண்டும். அந்தக் கூழுக்குப் பெரும்பாலும் பயன்பட்டது நம் வீட்டுப் பொரியலில் வரும் கொத்தவரையின் விதையிலிருந்து எடுக்கும் பசை. 2012 வாக்கில் ராஜஸ்தான் கொத்தவரை விவசாயிகள் திடீரென்று கார் வாங்கத் தொடங்கியதற்கு டெக்சாசும் வடக்கு டகோட்டாவும்தான் காரணம் என்பதைச் சென்னையிலிருந்த நண்பர்கள் அப்போது நம்ப மறுத்தார்கள்.

ஆனால் வாசலை அகலப்படுத்துவதோடு அந்த முறையின் வேலை முடிந்துவிடுகிறது. உள்ளேயிருந்து தள்ளும் விசையை அது கூட்டுவதில்லை. விரிசலுக்கு அருகிலுள்ள எண்ணெய் வேகமாக வந்து தீர்ந்துவிடும். ஆகவே இத்தகைய கிணறுகளின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் சரிவது வழக்கம். ஈடுகட்ட மேலும் கிணறு, மேலும் விரிசல் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். டெக்சாசின் வறண்ட புல்வெளியில் அது முடிகிறது. ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டர் கணக்கில் தண்ணீர் கேட்கும் முறையை, மேட்டூர் திறக்கும் தேதியை எண்ணிக்கொண்டு நாற்றங்கால் விடும் மக்களிடையே அப்படித் தொடர்வது முடியாது. முடியும் என்றாலும் கூடாது என்பது என் கருத்து. திரும்பி வரும் நீர் கடல்நீரைவிட உப்பாக இருக்கக்கூடும். அதை எங்கே விடுவது என்பதும் சிறு கேள்வி அல்ல. ஓக்லஹோமாவில் 2016-இல் 5.8 அளவுக்கு நிலநடுக்கம் ஏற்பட்டதற்கு விரிசல் முறையைவிட, எண்ணெயோடு வந்த கழிவுநீரை ஆழத்தில் செலுத்தியதே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.

அழுத்தத்தைக் கூட்டுவதற்கு எண்ணெய் வயல்களில் வழக்கமாகச் செய்வது, பக்கத்துக் கிணற்றில் தண்ணீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வருவது. நல்ல மணற்பாறையில் இது சிறந்த முறை. இறுகிய பாறையில் தண்ணீர் உள்ளே போகவே மறுக்கும். வலுக்கட்டாயமாகச் செலுத்தினால் ஏதாவதொரு விரிசலைப் பிடித்துக்கொண்டு, எண்ணெயைத் தொடாமலேயே அடுத்த கிணற்றில் போய் எழும். இவற்றைவிடக் கொடியது களிமண். நான் வேலையில் சேர்ந்த புதிதில், எந்த வயல், யார் பொறுப்பு என்பதெல்லாம் இங்கே வேண்டாம், ஒரு கிணற்றைக் கழுவ அருகிலிருந்த கால்வாயின் நன்னீரையே பயன்படுத்தினார்கள். நன்னீர்தானே என்ற எண்ணம். பாறையின் துளைகளில் ஒட்டியிருந்த களிமண் அந்த நீரைக் குடித்து உப்பி வழியை அடைத்துவிட்டது. நாளொன்றுக்குச் சில பத்துப் பீப்பாய் கொடுத்துக்கொண்டிருந்த கிணறு அதற்குப் பிறகு எழவே இல்லை. களிமண்ணை அடக்கி வைக்க நீரில் சிறிதளவு பொட்டாசியம் குளோரைடு கலந்திருந்தால் போதும். தேயிலைத் தோட்டங்களில் மூட்டை மூட்டையாக இறங்கும் பொட்டாஷ் உரமும் அதே உப்புதான். இந்த ஒரு மூட்டை விவேகம் இல்லாததால் ஒரு கிணறு போனதை நான் நேரில் கண்டிருக்கிறேன். எனவே, “எந்த முறை சிறந்தது” என்ற கேள்வியைவிட “இந்தப் பாறையில் என்ன களிமண் இருக்கிறது” என்ற கேள்வியை நான் மேலாக மதிக்கிறேன்.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாதது வாயு. நீர் புக மறுக்கும் துளைகளுக்குள்ளும் வாயு புகும். களிமண்ணை அது உப்ப வைப்பதில்லை. எண்ணெயில் கரைந்து அதைப் பருக்கச் செய்து, பிசுபிசுப்பைக் குறைத்து, இளக்கமாக ஓடவிடும். டார்சியின் நான்கு திருகாணிகளில் அழுத்தம், பிசுபிசுப்பு என்ற இரண்டை ஒரே நேரத்தில் திருகும் முறை இது. கிணறுகளுக்கிடையே தொடர்பு இல்லாத அளவுக்கு இறுகிய பாறையாக இருந்தால், ஒரே கிணற்றிலேயே சில வாரம் வாயுவை உள்ளே செலுத்தி, மூடி வைத்து ஊறவிட்டு, பிறகு திறந்து எண்ணெயை எடுக்கலாம். ஊதுவது, ஊறவிடுவது, உறிஞ்சுவது என்று எங்கள் பேச்சு வழக்கில் சொல்லிக்கொள்வோம். டெக்சாசின் ஈகிள் ஃபோர்டு மாக்கல் வயலில், ஏற்கெனவே விரிசல் முறையில் எடுத்து ஓய்ந்துபோன கிணறுகளில், எண்ணெயோடு வரும் இயற்கை வாயுவையே திரும்பச் செலுத்தி இதைச் செய்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது, இதற்குப் புதிய துளை வேண்டாம். நெல்வயலுக்கான தண்ணீரும் வேண்டாம்.

கரியமில வாயு இன்னும் வலிமையானது. போதுமான அழுத்தம் இருந்தால் அது எண்ணெயோடு இரண்டறக் கலந்துவிடும். டெக்சாசில் 1972 முதலும், கனடாவின் வெய்பர்ன் வயலில் 2000 முதலும் இதைப் பெரிய அளவில் செய்துவருகிறார்கள். வெய்பர்னுக்கு வாயு வருவது எல்லை தாண்டி வடக்கு டகோட்டாவில் நிலக்கரியை வாயுவாக்கும் ஆலையிலிருந்து, முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாய் வழியாக. உள்ளே போகும் வாயுவில் ஒரு பகுதி பூமிக்குள்ளேயே தங்கிவிடுவது கூடுதல் நன்மை. இடர்கள் இல்லாமல் இல்லை. கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்தால் அமிலமாகி எஃகுக் குழாயை அரிக்கும். பழைய கிணற்றின் சிமெண்டுச் சுவர் பழுதாக இருந்தால் மேலே கசியும். டெல்டாவில் பல கிணறுகள் முப்பது ஆண்டு கடந்தவை. ஒவ்வொன்றின் குழாயையும் சிமெண்டையும் சோதித்துச் சான்று அளிக்காமல் இதைத் தொடங்கக் கூடாது. இயற்கை வாயுவுக்கோ வேறு சிக்கல்: படுகையின் வாயு குத்தாலம், திருமாக்கோட்டை போன்ற மின் நிலையங்களுக்குப் போகிறது. மின்சாரத்துக்குப் போகும் வாயுவைப் பூமிக்குள் திருப்பி அனுப்பச் சொல்வதற்கு எந்தக் கணக்காளரும் எளிதில் சம்மதிக்க மாட்டார். அது கடன் கொடுப்பதைப் போன்றது, பெரும்பகுதி திரும்பி வரும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியது பொறியாளர்களின் பொறுப்பு.

மலையில் இருப்பவன் என்பதால் பாறையைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நீலகிரியின் பெரும்பகுதி சார்னோகைட் என்னும் பாறை. கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் ஹாலந்து 1893-இல் சூட்டிய பெயர் அது. அந்தக் கல் போனதோ நம் சென்னைப் பக்கத்திலிருந்து. இதைப் போன்ற பழம்பெரும் படிகப் பாறைகளே காவிரிப் படுகையின் அடியிலும் கிடக்கின்றன. அவற்றில் எண்ணெய் இருக்காது என்றுதான் எங்கள் தலைமுறைக்குக் கற்பித்தார்கள். ஆனால் வியட்நாமின் பாக் ஹோ வயலில் வெடிப்பு விழுந்த கருங்கல்லிலிருந்து 1988 முதல் எண்ணெய் எடுக்கிறார்கள்; நம் காவிரிப் படுகையின் மாதானத்திலும் அடிப்பாறையின் வெடிப்புகளில் எண்ணெய் கண்டிருக்கிறார்கள். எங்கள் ஊற்றைப் போலவே அங்கும் வழிவிடுவது வெடிப்பு. அத்தகைய பாறையில் செயற்கையாக மேலும் விரிசல் திறப்பதைவிட, இயற்கை எந்தத் திசையில் வெடித்திருக்கிறது என்று கிணற்றுச் சுவரைப் படமெடுத்துப் பார்த்து, அதன் குறுக்கே துளையிடுவதே அறிவுடைமை. வெடிப்பு எண்ணெய்க்கு வழி என்றால் தண்ணீருக்கும் அதுவே குறுக்குவழி. அடியிலிருந்து உப்புநீர் ஏறிக் கிணற்றை மூழ்கடிக்காமல் இருக்க, பேராசையின்றி மெதுவாக எடுக்கும் பொறுமையும் வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2020-இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதற்கும் துளையிடுவதற்கும் தடை விதிக்கிறது. வாழ்நாள் முழுவதும் எண்ணெய்த் தொழிலில் இருந்தவனாயினும் நான் அந்தச் சட்டத்தை ஆதரிக்கிறேன். சட்டத்துக்கு முன்பே இயங்கிவந்த கிணறுகள்தாம் இனி நம் கையில் உள்ள இருப்பு. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு, இருக்கும் கிணற்றில் எட்டில் ஒரு பங்கைக்கூட எடுக்காமல் மூடுவதும் சரியல்ல. மீட்பை மேம்படுத்தும் முறைகளுக்குச் சலுகை அளிக்கும் கொள்கையை மத்திய அரசு 2018-இலேயே அறிவித்துவிட்டது. ஆகவே பேச வேண்டியது, பழைய கிணறுகளில் எந்தப் பாறைக்கு எந்த முறை என்பதைப் பற்றியே. அதைப் பேசாமல் ‘விரிசல் முறையா, ஒன்றுமே வேண்டாமா’ என்று இரண்டாக வெட்டி வைப்பது, நிறுவனங்களுக்கும் வசதி, போராடுபவர்களுக்கும் வசதி.

தங்கள் செய்தியாளர் அடுத்த முறை டெல்டாவுக்குச் செல்லும்போது, ஒவ்வொரு கிணற்றுக்கும் இன்றைய அழுத்தம் என்ன, முதல் நாள் அழுத்தம் என்னவாக இருந்தது என்று கேட்கும்படி வேண்டுகிறேன். துளையிடும்போது வெட்டியெடுத்த பாறையின் உருளை மாதிரிகள் எங்கே பாதுகாக்கப்படுகின்றன, அவற்றில் என்ன களிமண் கண்டார்கள் என்றும் கேட்க வேண்டும். எந்த முறையைத் தொடங்குவதாக இருந்தாலும், தொடங்குவதற்கு முன் சுற்றியுள்ள ஊர்களின் குடிநீர்க் கிணறுகளைச் சோதித்து, அந்த முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுவார்களா என்பதையும் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு கிணற்றில் வாயுவைச் செலுத்தி ஓராண்டு பார்த்துவிட்டு, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்ற கணக்கைத் தங்கள் நாளிதழிலேயே வெளியிடலாம். இவற்றில் எதுவும் பெரிய செலவு பிடிப்பதல்ல.

0.1 டார்சி என்பதை 0.1 மில்லிடார்சி என்று திருத்தி ஒரு குறிப்பு வெளியிட்டால் மிகவும் கடமைப்பட்டவனாவேன். பள்ளி மாணவர் சிலர் அந்தக் கட்டுரையை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருப்பதை இங்கே நூலகத்தில் பார்த்தேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எண்ணெய் வயல் பொறியாளர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.